பரிசுக்குப் பணம் கேட்டால் அது பரிசல்ல

அறுவடை முடிந்து நெல்லோ மஞ்சளோ விற்ற பணம் பாங்கிக் கணக்கில் வந்து சேருகிறது. அடுத்த பட்டத்திற்கு விதையும் உரமும் வாங்கவும், பயிர்க் கடனை அடைக்கவும் வேண்டிய பணம் அது. அதைக் குறிவைத்து இப்போது கைபேசியில் வலை விரிக்கிறார்கள். "உங்கள் எண்ணுக்குக் குலுக்கலில் பரிசு விழுந்திருக்கிறது. குடும்பத்துடன் கோவாவுக்கு மூன்று நாள் இலவசச் சுற்றுலா" என்று ஒரு குரல் இனிமையாகப் பேசுகிறது. கடைசியில் சுற்றுலாவும் இல்லை, கணக்கில் பணமும் இல்லை.

இப்படி ஏமாறுபவர்களைப் பேராசைக்காரர்கள் என்று பழிப்பது சரியல்ல. விவசாயிகளுக்குப் பயணம் என்பது புதிதல்ல. வேளாண்மைத் துறை 'அட்மா' திட்டத்தின்கீழ் விவசாயிகளைக் கண்டுணர்வுச் சுற்றுலாவாக வெளியூர்களுக்கு அழைத்துச் செல்கிறது. நூறு முன்னோடி உழவர்களை ஜப்பான், சீனா, வியட்நாம் நாடுகளுக்கு அழைத்துச் செல்லும் திட்டம் 2025 மார்ச்சில் தமிழக வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. கண்காட்சிகளில் சீட்டில் பெயரும் போன் எண்ணும் எழுதிப் பெட்டியில் போடும் வழக்கமும் உண்டு. உண்மையான பயணங்கள் இருப்பதால்தான் பொய்யான அழைப்பும் நம்பும்படி இருக்கிறது. நல்ல விதைக்கு மதிப்பு இருப்பதால்தானே போலி விதையும் சந்தைக்கு வருகிறது!

சான்று விதை வாங்கும்போது பையில் நீலநிற அட்டை இருக்கிறதா என்று பார்க்கிறோம், கடைக்காரரிடம் ரசீது கேட்கிறோம். அதேபோல் இந்த அழைப்புகளையும் சில அறிகுறிகளைக் கொண்டு இனங்காணலாம்.

முதலாவது, முன்பணம். "பரிசு இலவசம், பதிவுக் கட்டணமும் வரியும் மட்டும் அனுப்புங்கள்" என்பார்கள். வரி அரசின் கணக்கில் செலுத்த வேண்டியது. யாரோ ஒருவரின் கைபேசி எண்ணுக்கு அனுப்புவது வரியாகாது.

இரண்டாவது, இரகசிய எண். பரிசை அனுப்புவதாகச் சொல்லி, கைபேசிக்கு வந்த 'ஓ.டி.பி.' எண்ணைக் கேட்பார்கள், அல்லது யு.பி.ஐ. இரகசிய எண்ணை அழுத்தச் சொல்வார்கள். பணம் பெறுவதற்கு அந்த எண் தேவையே இல்லை. நம் பணம் வெளியே போவதற்குத்தான் அது தேவை.

மூன்றாவது, அவசரம். "இன்று மாலைக்குள் பதில் சொல்லாவிட்டால் பரிசு வேறு ஒருவருக்குப் போய்விடும்" என்பார்கள். வீட்டாரிடம் கலந்து பேச அவகாசம் கொடுக்கக் கூடாது என்பதே நோக்கம்.

நான்காவது, ஓட்டலுக்கு அழைப்பு. பரிசை வாங்கிக்கொள்ளக் கணவனும் மனைவியும் சேர்ந்து நகரத்து ஓட்டலுக்கு வரவேண்டும் என்பார்கள். அங்கே மணிக்கணக்கில் பேசி, விடுமுறைச் சங்க உறுப்பினர் என்று கையெழுத்து வாங்கிப் பெருந்தொகை கறந்துவிடுவார்கள். பிறகு பயணத்துக்குத் தேதி கேட்டால் 'இடமில்லை' என்ற பதில்தான் வரும்.

ஐயம் வந்தால் பேச்சை நீட்டாமல் போனை வைத்துவிட வேண்டும். அரசுப் பயணம் என்று சொன்னால் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் நேரில் விசாரிக்க வேண்டும். அவர்கள் அனுப்பும் இணைப்பைத் தொடவோ, புதிய செயலியைப் பதிவிறக்கவோ கூடாது.

பணம் போய்விட்டால் என்ன செய்வது? உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுக்க வேண்டும். பாங்கிக்கும் சொல்லிக் கணக்கை முடக்கச் செய்ய வேண்டும். திருடியவன் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றி எடுத்துவிடுவதற்குள் தகவல் போனால் அதை நிறுத்திவைக்க வழி உண்டு. ஓட்டலில் கையெழுத்திட்டு ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணையும், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம். கொடுக்கும் எண்ணமின்றிப் பரிசு தருவதாகச் சொல்வது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்.

இவ்வளவு வழிகள் இருந்தும் பலர் வாய் திறப்பதில்லை. ஊர் சிரிக்குமே என்ற வெட்கம்தான் காரணம். ஏமாந்தவர் இரண்டு நாள் மௌனமாக இருந்தால் பணம் கைமாறி மறைந்துவிடுகிறது. அதே குரல் அடுத்த வீட்டுக்கும் போன் செய்கிறது. புகையான் விழுந்த வயலை மறைத்து வைத்தால் பக்கத்து வயலும் பாழாகும். இதுவும் அப்படித்தான். ஏமாந்தவரை ஏளனம் செய்யும் ஊர் திருடனுக்குத் துணைபோகிறது.

ஆகவே கூட்டுறவுச் சங்கக் கூட்டத்திலும், உழவர் குழுக்களிலும், பால் சொசைட்டியிலும் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். வந்த அழைப்பு எப்படி இருந்தது, என்ன கேட்டார்கள் என்பதைச் சொன்னாலே மற்றவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். 1930 என்ற எண்ணைச் சங்கச் சுவரில் பெரிதாக எழுதி வைப்பதும் நல்லது. அதற்குச் செலவாவது ஒரு டப்பா பெயிண்ட். மிஞ்சுவது ஒரு பட்டத்தின் உழைப்பு.