ஒரு கூடம், பல வயது

ஜூன் 21 நெருங்கினால் கொச்சி தோப்பும்படியிலிருந்து கௌகாத்தி வரை பள்ளிக்கூடங்களில் ஏறக்குறைய ஒரே காட்சிதான். ஒரு கூடம், சில ஜமுக்காளங்கள், இரண்டாம் வகுப்பு வாண்டுகளும் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களும் ஒரே வரிசையில். பயிற்சியாளர் எண்ணத் தொடங்குவார். நான்கு எண்ணுவதற்குள் சின்னதுகள் காலை மாற்றிவிடும். பெரியவர்கள் சிரிப்பை அடக்குவார்கள். கேரளமென்றால் வெளியே மழை வேறு. பாதிப் பேரை மைதானத்துக்கு அனுப்பவும் வழியில்லை.

2015ல் முதல் சர்வதேச யோகா தினத்தன்று டெல்லி ராஜபாதையில் 35,985 பேர் ஒன்றாக ஆசனம் செய்து கின்னஸில் இடம்பிடித்தார்கள். பள்ளிகளுக்கு அந்தப் புகைப்படமே முன்மாதிரி ஆகிவிட்டது போலிருக்கிறது. அணிவகுப்புக்கு அது அழகு, வகுப்புக்கு ஒத்துவராது.

இந்தச் சிக்கல் புதிதல்ல. நாலாம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் 1933ல் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை தொடங்கிய டி. கிருஷ்ணமாச்சாரியாரிடம் பயின்றவர்களில் பெரும்பாலோர் சிறுவர்கள்; அரச வம்சத்துப் பிள்ளைகளும் அதில் உண்டு. அங்கே எல்லோருக்கும் கல்லில் பொறித்தது போல ஒரே ஆசன வரிசை இருந்ததாக இன்று பலரும் நம்புகிறார்கள். 2010ல் வெளிவந்த 'யோகா பாடி' நூலுக்காக மார்க் சிங்கிள்டனிடம் பேசிய பழைய மாணவர் ஒருவர் சொல்வது வேறு. வரிசைக்கென்று புனிதம் எதுவும் கிடையாது, முடிந்ததைச் செய் என்பாராம் ஆசிரியர். ஒரு பையனுக்கு ஓர் ஆசனம் சுலபமாக வந்துவிட்டால் கையை இங்கே வை, காலை அங்கே வை என்று அந்த இடத்திலேயே புதிதாக ஒன்றை உருவாக்குவாராம். கூடம் ஒன்று, பாடம் ஆளுக்கொன்று.

இதே கூடத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. பி.கே.எஸ். ஐயங்கார் 1934ல் 15 வயதில் அங்கே வந்தார். கிருஷ்ணமாச்சாரியார் அவருக்கு அக்கா கணவர். காசநோய் முதல் பலதும் கண்டு தேறிய நோஞ்சான் உடம்பு. விருந்தாளி ஒருவர் முன் ஹனுமனாசனம் செய்து காட்டும்படி உத்தரவு. இரண்டு கால்களும் முன்னும் பின்னும் நீண்டு தரையோடு தரையாகப் படிய வேண்டும். பையன் தெரியாது என்றான். உடை இறுக்கம் என்று சாக்குச் சொன்னான். கத்தரிக்கோல் கொண்டுவரச் சொன்னார் குரு. ஆசனம் நடந்தது, தொடையின் பின்தசை கிழிந்தது. நெடுங்காலம் அந்த வலி விடவில்லை என்று ஐயங்காரே பின்னாளில் சொன்னார். ஆசிரியருக்குத் திறமை குறைவென்று யாரும் சொல்ல முடியாது. பார்க்க ஆள் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

1950களில் சென்னைக்குக் குடிபெயர்ந்த பின்னர் கிருஷ்ணமாச்சாரியாரின் போதனையில் வயதுக் கணக்கு தெளிவாகவே இருந்தது. வளரும் பிள்ளைகளுக்கு சிருஷ்டி கிரமம், குடும்பஸ்தர்களுக்கு ஸ்திதி கிரமம், முதியவர்களுக்கு அந்த்ய கிரமம். பிள்ளைகளென்றால் ஆசனங்கள் நிறைய, அசைவு நிறைய; ஒரே நிலையில் நெடுநேரம் உட்காரவைப்பது குறைவு. மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி.யும் 2015ல் யோகா பாடநூலை நடுநிலை வகுப்புகளுக்கு ஒன்று, உயர்நிலைக்கு ஒன்று என்று பிரித்தே வெளியிட்டது.

பிரிக்க இடமில்லாத கூடத்திலும் எண்ணிக்கையைப் பிரிக்கலாம். பெரியவர்கள் விருட்சாசனத்தில் ஒருமுறை நிதானமாக நிற்கும் நேரத்தில் சின்னவர்கள் மூன்றுமுறை மரமாகி, மூன்றுமுறை விழுந்து எழுந்துவிடுவார்கள். விழுவதில் அவர்களுக்கு ஆனந்தம். அதைத் தடுக்க வேண்டியதில்லை. தடுக்க வேண்டியது, அண்ணன்மார் தம்பிகளின் காலைப் பிடித்து இழுத்து 'உதவுவதை'. மூச்சை அடக்கும் பயிற்சியைச் சின்னவர்களுக்கு விட்டுவிடலாம். அந்த நேரத்தில் அவர்கள் படுத்துக்கொண்டு மழைச் சத்தம் கேட்கட்டும்.

விருந்தினர் வருகிற அன்று வரிசை கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும். தலைமையாசிரியரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவைப்பது உத்தமம்.