மரம் வாங்கும் முன் மண்ணைப் பாருங்கள்

அமெரிக்காவில் சொந்த வீடு வாங்கியவர்களுக்கு அடுத்து வரும் ஆசை, வாசலில் ஒரு நல்ல மரம். நர்சரிக்குப் போனால் கண்ணில் படும் மரங்களில் ஒன்று 'பின் ஓக்'. கூம்பு போன்ற வடிவம், இலையுதிர் காலத்தில் செக்கச்செவேலென மாறும் இலைகள், ஓக் வகைகளில் வேகமான வளர்ச்சி. சல்லிவேர்கள் அதிகம் என்பதால் பெயர்த்து நட்டாலும் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் சில வீடுகளில், நட்ட சில வருடங்களில் கோடையிலேயே இலைகள் வெளிறி மஞ்சளாகும். நரம்புகள் மட்டும் பச்சையாக இருக்கும். தண்ணீர் போதவில்லையோ என்று ஊற்றுவார்கள். உரம் போடுவார்கள். மஞ்சள் போகாது. நாளாக ஆகக் கிளைகளும் காயத் தொடங்கும்.

காரணம் தெரிய, இந்த மரத்தின் பிறந்த வீட்டைப் பார்க்க வேண்டும். தாவரவியலில் இதன் பெயர் குவெர்கஸ் பாலஸ்ட்ரிஸ். பாலஸ்ட்ரிஸ் என்றால் லத்தீன் மொழியில் 'சதுப்பு நிலத்தைச் சேர்ந்தது'. அமெரிக்காவின் கிழக்கு, மத்தியப் பகுதிகளில் ஆற்றோரத் தாழ்வான களிமண் நிலங்களில் தானாக வளர்வது. இலையில்லாமல் நிற்கும் குளிர்காலத்தில் அடியில் வெள்ளம் தேங்கினாலும் தாங்கும். இதன் சின்னக் கொட்டைகளைத் தின்னக் காட்டு வாத்துகள் வரும். இதற்கு ஒத்துப்போவது அமிலத்தன்மை உள்ள மண்.

பல ஊர்களில் வீட்டு மண்ணோ காரத்தன்மை உள்ளது. கட்டட வேலையில் சிந்திய சிமென்டும் சுண்ணாம்பும் அதை இன்னும் கூட்டும். அந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் இந்த மரத்தின் வேரால் அதைப் போதிய அளவு எடுக்க முடியாது. இலை போட்டுப் பரிமாறியும் சாப்பிட முடியாத நிலை!

அதனால் முதலில் மண் பரிசோதனை. பல மாநிலப் பல்கலைக்கழகங்களின் விரிவாக்க மையங்களில் இந்த வசதி உண்டு. பி.எச். அளவு 5 முதல் 6.5 வரை இருந்தால் தாராளமாக நடலாம். 60, 70 அடி உயரும் மரம். சுவரிலிருந்து 20 அடியாவது தள்ளி வையுங்கள். கீழ்க்கிளைகள் தாழ்ந்து தொங்கும் என்பதால் நடைபாதை ஓரம் வேண்டாம். கிளை கழிப்பதைக் குளிர்காலத்தில் செய்தால் 'ஓக் வில்ட்' நோய் தொற்றும் ஆபத்து குறைவு.

பி.எச். 7-ஐத் தாண்டினால் இந்த மரத்தை விட்டுவிடுங்கள். சுண்ணாம்பு மண்ணையும் பொறுத்துக்கொள்ளும் 'பர் ஓக்' இருக்கிறது. ஏற்கெனவே நட்டு மஞ்சளாகிவிட்டதா? இரும்புச்சத்து ஏற்றினால் பச்சை திரும்பலாம். ஆனால் மண் மாறாததால் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் நிற்கக்கூடிய மரம். பரிசோதனை முடிவுக்காகச் சில வாரம் காத்திருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.