தாயின் தண்ணீரும் தீண்டத்தகாத பிள்ளைகளும்

சென்ற மாதம் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தேன். தலைப்பு ‘இந்து மரபில் இயற்கை’. பேசிய பேராசிரியர் அதர்வ வேதத்தின் பூமி சூக்தத்தில் தொடங்கினார். மண்ணைத் தாயாகவும் மனிதரை அவள் பிள்ளைகளாகவும் கண்ட மரபு நம்முடையது, ஆற்றை வணங்குகிறவன் அதை அழுக்காக்க மாட்டான், இன்றைய சூழல் நெருக்கடிக்கு அங்கேதான் தீர்வு இருக்கிறது என்றார். அரங்கம் கைதட்டியது.

கேள்வி நேரத்தில் எழுந்து, “ஐயா, அந்தத் தாயின் தண்ணீரை எல்லாப் பிள்ளைகளும் அள்ளிக் குடிக்க முடிந்ததா?” என்று கேட்டேன். அவர் வாய் திறப்பதற்குள் தலைமை தாங்கியவர் முந்திக்கொண்டார்: “இது சுற்றுச்சூழல் கருத்தரங்கு. சாதியை இதற்குள் இழுக்காதீர்கள்.”

தண்ணீரும் சாதியும்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. அதனால் அங்கே முடியாத பேச்சை இங்கே தொடர்கிறேன்.

சாதியை வெளியிலிருந்து யாரும் இழுத்துவரத் தேவையில்லை. மனுஸ்மிருதியையே எடுத்துக்கொள்வோம். நான்காம் அத்தியாயம் தண்ணீரில் சிறுநீர், மலம், எச்சில் எதையும் போடக்கூடாது என்கிறது. சூழலியல் பேசுவோர் விரும்பிக் காட்டும் இடம் இது. பத்தாம் அத்தியாயத்துக்கு வந்தால், பார்ப்பனரும் சத்திரியரும் வறுமையில் வைசியத் தொழிலுக்கு இறங்கினாலும் உழவை மட்டும் தவிர்க்க வேண்டும் என்கிறது. காரணம்? இரும்பு முனை பொருத்திய கலப்பை பூமியையும் அதிலுள்ள உயிர்களையும் காயப்படுத்துகிறதாம். மண்ணின் மீது எவ்வளவு கருணை! ஆனால் உழவை நிறுத்தச் சொல்லவில்லை. சோறு வேண்டுமே. உழுகிற பாவத்தை அடுத்தவன் தலையில் கட்டிவிட்டு, விளைந்ததை உண்டுகொண்டே உழுதவனை இழிவாகப் பார்க்கச் சொல்கிறது. அதே அத்தியாயம் சண்டாளர் ஊருக்கு வெளியேதான் குடியிருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது.

இந்த நூலின் ‘இயற்கை நேசம்’ வேலை செய்யும் முறை இதுதான். அழுக்கு வேலையைப் பிறப்பின் பெயரால் ஒருவருக்கு ஒதுக்குவது, பிறகு அவரையே அழுக்கு என்பது. இதில் புனிதம் ஒன்று, சுத்தம் வேறு.

இந்த வேறுபாட்டை வரலாறு மகாடில் பட்டவர்த்தனமாகக் காட்டியது. பொதுக் குளங்களையும் கிணறுகளையும் தீண்டத்தகாதோருக்குத் திறந்துவிட 1923இல் பம்பாய்ச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. மகாடு நகராட்சியும் அதை ஏற்றது. ஆனாலும் சவதார் குளத்தில் மாடு தண்ணீர் குடிக்கலாம், தலித் குடிக்க முடியாது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஊர்வலமாகச் சென்று அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார். பின்னாலேயே ஆயிரக்கணக்கானோர் குடித்தார்கள். அன்றே அவர்கள் மீது தாக்குதல் நடந்தது. பிறகு சாதி இந்துக்கள் குளத்தைச் ‘சுத்தம்’ செய்தார்கள். எப்படி? 108 மண்குடங்களில் பசுஞ்சாணமும் கோமூத்திரமும் பாலும் தயிரும் கலந்து மந்திரம் ஓதிக் குளத்தில் விட்டார்கள்.

மனிதர் கை பட்டால் தண்ணீர் கெட்டுவிடும், சாணியும் மூத்திரமும் கலந்தால் தூய்மையாகிவிடும் என்று நம்பவைத்த போதனையிடமா இன்று நீர்நிலைப் பாதுகாப்பு கற்கப் போகிறோம்? அந்தக் குளத்தின் மீதான உரிமையைப் பம்பாய் உயர் நீதிமன்றம் உறுதிசெய்ய 1937 வரை ஆயிற்று.

அதே மார்ச் 20 அன்று, சரியாக 90 ஆண்டுகள் கழித்து, 2017இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கங்கையும் யமுனையும் சட்டப்படி உயிருள்ள நபர்கள் என்று தீர்ப்பளித்தது. இந்துக்களுக்கு அவை புனிதமானவை என்பதும் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. சில மாதங்களில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. ஆற்றுக்குச் சட்ட உரிமை கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆற்றை நபராகப் பார்க்க இத்தனை எளிதாக முடிகிற சமூகத்துக்கு, குளத்தில் இறங்கியவர்களை மனிதராகப் பார்க்க ஏன் முடியவில்லை என்றுதான் கேட்கிறேன். புனிதம் ஆற்றையாவது காப்பாற்றியதா என்றால் அதுவும் இல்லை. 2025 கும்பமேளாவின்போது பிரயாக்ராஜில் பல இடங்களில் மலக் கோலிஃபார்ம் கிருமிகள் குளிப்பதற்கான வரம்பைத் தாண்டியிருந்ததாக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே பசுமைத் தீர்ப்பாயத்தில் அறிக்கை அளித்தது.

எங்கள் ஊர் சிவகங்கைப் பக்கம். என் தாத்தா கண்மாயில் நீர்பாய்ச்சி. எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எத்தனை நேரம் தண்ணீர் விடுவது, கரையில் எங்கே கசிவு என்று ஊரில் அவருக்குத்தான் தெரியும். ராத்திரியில் மழை வலுத்தால் ஊர்க்காரர்கள் அவரைத்தான் எழுப்புவார்கள். ஆனால் ஊர் குடிக்கும் ஊருணியில் அவர் இறங்கக்கூடாது. அப்பத்தா குடத்தோடு கரையோரம் நிற்பாராம், யாராவது மனமிரங்கி ஊற்றும்வரை. ஊரின் தண்ணீரைக் காத்தவர் வீட்டுக்குக் குடிதண்ணீர் பிச்சையாக வந்தது. தாத்தாவின் அறிவை எந்தக் கருத்தரங்கும் ‘மரபு’ என்று சொல்லி நான் கேட்டதில்லை.

“இதெல்லாம் பழங்கதை” என்பார்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது. நேற்று நடந்தது அது. தண்ணீரில் மலம் போடாதே என்ற பழைய போதனையை ஒப்பிக்கிற அமைப்புகளில் எத்தனை அதைச் சுற்றுச்சூழல் பிரச்சினையாகப் பேசின?

மண்ணையும் நீரையும் நேசிக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. பூமி சூக்தம் அழகான பாட்டாகவே இருக்கட்டும். ஆனால் அதைச் சூழல் கல்விக்குப் பாடமாக வைக்கிறவர்கள் பக்கத்திலேயே மகாடையும் வைக்கட்டும். பாதாளச் சாக்கடையில் இறங்கிச் செத்தவர்களின் கணக்கை வைக்கட்டும். நீர்பாய்ச்சிகளின் அறிவையும் வைக்கட்டும். யார் தொடலாம், யார் அள்ளலாம், யார் சுத்தம் செய்ய வேண்டும் என்ற கேள்விகள் இல்லாத சூழலியல், உழைக்காதவர்களின் சூழலியலாகவே இருக்கும்.

அன்று என் கேள்விக்குப் பதில் வரவில்லை. அடுத்த கருத்தரங்கிலும் அதையேதான் கேட்பேன்.