ஊர் பார்க்கவா, நாய் பார்க்கவா?

வெளிநாட்டில் யார் வீட்டையோ காத்து, நாய் பூனைக்குச் சோறு போட்டால் தங்கும் செலவில்லாமல் ஊர் சுற்றலாமாம். ரிட்டயர்டு நண்பர்களே, நம்பாதீர்கள்! இருவேளையும் நாயைக் கூட்டிப்போகிறவர் எந்த ஊரைப் பார்ப்பார்?

2022-இல் பூனை பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டோடு கனடா புறப்பட்ட ஆஸ்திரேலியப் பெண்ணை, வழியில் லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பினார்கள். கூலி வாங்காவிட்டாலும், தங்க இடம் வாங்கினால் அது வேலைதான் என்பது அங்கே அதிகாரிகள் கணக்கு. அறுபத்தைந்து வயதில் நமக்கு இது தேவையா?

மணவூரில் ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போனால் பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சொல்வோம். அவர்கள் திருப்பதி போனால் நாம் பார்ப்போம். (லட்டு வந்துவிடும்!) அது உறவு. இதுவோ, சம்பளமில்லாத காவல் உத்தியோகம்.