புதுப்பாளையத்தில் பழகிய பேனா

திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையம் காந்தி ஆசிரமம் என்றால் கதரையும் ராஜாஜியையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். நம் விமர்சனத் தொழிலில் இருப்பவர்கள் அதோடு நிறுத்த முடியாது. ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற பெயரில் ‘ஆடல் பாடல்’ எழுதி, கச்சேரியையும் நாடகத்தையும் சினிமாவையும் சாதாரண வாசகர் பேசும் விஷயமாக்கிய கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி, அந்த நாற்காலிக்குப் போகும் முன் இந்த மானாவாரிச் சீமையில்தான் பத்திரிகை வேலை பார்த்தார்.

நாவலாசிரியர் கல்கியை ஊரே அறியும். அவர் இங்கே வேண்டாம். விமர்சகர் கல்கியைத்தான் நாம் அதிகம் பேசவில்லை. 1899-இல் மாயவரம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். ஒத்துழையாமைக்காகப் பள்ளியை விட்டார், 1922-இல் சிறை. 1923 முதல் திரு.வி.க.வின் நவசக்தியில் துணையாசிரியர். சில ஆண்டுகள் கழித்து ராஜாஜியிடம் வந்து சேர்ந்தார்.

1925-இல் தொடங்கிய ஆசிரமத்திலிருந்து, 1929-இல் ‘விமோசனம்’ வந்தது. மதுவிலக்கு ஒன்றுக்காகவே ஓர் இதழ். ஆசிரியர் ராஜாஜி, கூட இருந்து பக்கம் நிரப்பியவர் கல்கி. பத்திரிகை நடத்தியவர்களுக்கு இதன் சங்கடம் சட்டென்று விளங்கும். இதழுக்கு இதழ் ஒரே விஷயம். யாருக்காக எழுதுகிறோமோ அவர் கள்ளுக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். அநேகமாக எழுத்து வாசனை இல்லாதவர். சந்தா கட்டிப் படிப்பவரோ குடியைத் தொடாதவர், முதல் வரிக்கு முன்பே தலையாட்டிவிடுவார். பிரசார இதழ்கள் பெரும்பாலும் இந்த இரண்டாமவருக்கே எழுதிப் பாழாய்ப் போகின்றன. கல்கி கதையையும் சிரிப்பையும் பிடித்துக்கொண்டார். ஒருவர் உரக்க வாசித்தால் திண்ணையில் பத்துப் பேர் கேட்கக்கூடிய வாக்கியம் அவருடையது. சபா வாசலையே மிதிக்காதவரும் பின்னாளில் அவருடைய கச்சேரி விமர்சனத்தைக் கடைசி வரை படித்ததற்கு இந்தப் பழக்கம் காரணம் என்று நினைக்கிறேன். சங்கீதக் கல்வியை விட இதற்குத்தான் நான் அதிக மதிப்பெண் போடுவேன்.

1930-இல் உப்புச் சத்தியாகிரகம் வந்தது. கல்கி மறுபடி சிறைக்குப் போனார். விமோசனம் அற்ப ஆயுளில் முடிந்தது. 1937 அக்டோபர் 1-ஆம் தேதி, சென்னை மாகாணத்திலேயே முதலாவதாக, அன்றைய சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு அமலானது. அந்த இதழ்தான் அதைச் சாதித்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் சாதித்தது இதழல்ல. ராஜாஜி கையில் ஆட்சி வந்தது, சட்டம் வந்தது. (கள் வருமானம் போன ஓட்டையை அடைக்க 1939-இல் விற்பனை வரியும் வந்தது. மதுவிலக்கு பிறகு எத்தனையோ முறை வந்து போயிற்று. வரி மட்டும் நிலைத்துவிட்டது.)

1931-இல் விகடன். அதன் உரிமையாளர் எஸ்.எஸ். வாசன் கொடுத்த இடமும் விற்பனையும் விமர்சகருக்குப் பெரிய பலம். சிக்கலும் அங்கேயே பிறந்தது. 1939-இல் ‘தியாக பூமி’ விகடனில் தொடராக வந்தபோது, ஓவியருடைய படங்கள் இருக்க வேண்டிய இடத்தில் கே. சுப்ரமணியம் எடுத்துக்கொண்டிருந்த அதே கதையின் சினிமாப் படங்கள் அச்சாயின. வாசகர் வாராவாரம் படித்ததும் பார்த்ததும் வரப்போகிற படத்தைத்தான். இன்றைய விளம்பரக்காரர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கண்டுபிடிக்கும் உத்தி! சினிமாவை எடைபோட்ட பேனா சினிமாவுக்குள்ளேயே போய்விட்டது.

1941-இல் விகடனை விட்டு, டி. சதாசிவத்துடன் ‘கல்கி’ வார இதழைத் தொடங்கினார். அதற்கு முதல் போடவே சதாசிவத்தின் மனைவி எம்.எஸ். சுப்புலட்சுமி ‘சாவித்திரி’ படத்தில் நாரதர் வேஷம் கட்டினார். 1945-இல் வந்த ‘மீரா’வில் அவர் பாடிய ‘காற்றினிலே வரும் கீதம்’ கல்கி எழுதிய பாட்டு. அப்படியானால் எம்.எஸ். கச்சேரியைப் பற்றி கல்கி எழுதியதை எப்படிப் படிப்பது? பாராட்டு பொய்யாக இருக்க வேண்டியதில்லை, எம்.எஸ். விஷயத்தில் நிச்சயம் பொய்யில்லை. ஆனாலும் அது விமர்சகர் தூரத்தில் நின்று எழுதியதல்ல.

இதை வைத்து அவரைத் தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தமிழிசைக் கிளர்ச்சியில் அவர் எந்தப் பக்கம் என்பதை ஒளிக்கவே இல்லை. காங்கிரஸ்காரர் என்பதும் ஊரறிந்தது. அப்படிப்பட்டவர், அரசியலில் நேர் எதிரான அண்ணாதுரையின் ‘ஓர் இரவு’ நாடகத்தைப் பார்த்துவிட்டு, பெர்னாட் ஷாவை இழுத்து ஒப்பிடும் அளவுக்குப் புகழ்ந்து எழுதினார். கட்சிக்காரர்களின் முகம் அன்று எப்படிப் போயிருக்கும் என்று பாருங்கள். சார்பு இருப்பதில் தவறில்லை. அது வாசகருக்குத் தெரிந்திருந்தது, மேடையில் நல்லது நடந்தபோது கண்ணை மறைக்கவில்லை. நான் கணக்கில் எடுப்பது இந்த இரண்டையும்தான்.

இன்று நம்முடைய நிலை வேறு. டி.ஆர். சுந்தரம் 1935-இல் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கி, சேலத்திலேயே படம் எடுத்த காலத்திலும் பேர்பெற்ற விமர்சனம் சென்னையில்தான் அச்சானது. இப்போது சேலத்திலும் நாமக்கல்லிலும் கைப்பேசி வைத்திருப்பவரெல்லாம் விமர்சனம் செய்கிறார்கள், அது நல்லதே. ஆனால் சிறப்புக் காட்சிக்கு அழைத்தது யார், கவர் கொடுத்தது யார், எந்த வரி விளம்பர நிறுவனம் அனுப்பிய குறிப்பிலிருந்து வந்தது என்பது பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. வசை பாடினாலும் இதே கேள்வி உண்டு. திட்டுவதற்கும் காசு கைமாறுகிற காலம்.

நம் இதழில் அடுத்த மாதம் முதல் ஒவ்வொரு விமர்சனத்தின் கீழும் இரண்டு வரி சேரும். டிக்கெட்டோ நூலோ யார் செலவில் வந்தது என்பது ஒன்று. படைப்பாளியோடு எழுதியவருக்கு உள்ள உறவு இன்னொன்று. உறவு இருந்தால் எழுதக்கூடாது என்ற தடை கிடையாது. சொல்ல மனமில்லாதவர்கள் கட்டுரையை அனுப்ப வேண்டாம். ஆசிரியர் குழுவில் இருப்பவர்களுக்கும் இதே விதி. முதல் வரிகள் எங்களுடையவையாகவே இருக்கும்.