முயல் இருப்பதை எங்களிடம் மறைக்காதீர்கள்

எங்கள் நுரையீரல் நோய்ப் பிரிவுக்குப் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் இரண்டு மாதங்களில் மூன்று முறை இழுப்புடன் அழைத்து வரப்பட்டான். மருந்துகளைத் தவறாமல் தருவதாக அவனுடைய தாயார் கூறினார். வீட்டில் செல்லப் பிராணி ஏதேனும் உண்டா என்று மூன்று முறையும் கேட்டோம். மூன்று முறையும் இல்லை என்றே விடை வந்தது. கடைசி முறை, தாயாரின் மடியில் அமர்ந்திருந்த நான்கு வயதுத் தங்கை, "அண்ணன் ஆஸ்பத்திரியிலேயே படுத்துக்கிட்டா பஞ்சு யாருகூடத் தூங்கும்?" என்று கேட்டுவிட்டாள். தாயார் தலையைக் குனிந்துகொண்டார்.

பஞ்சு ஒரு முயல். லயன்ஹெட் என்று விற்கப்படும் வகையைச் சேர்ந்தது. சிங்கத்தின் பிடரிபோல் முகத்தைச் சுற்றி நீண்ட மயிர் வளர்ந்திருக்கும். வெயில் தாங்காத பிராணி என்று கடைக்காரர் எச்சரித்ததால், வீட்டில் குளிர்சாதன வசதியுள்ள ஒரே அறையில் அதை வைத்திருந்தார்கள். அது சிறுவனின் படுக்கையறை. பஞ்சு உறங்கியது அவன் கட்டிலின் மீது.

தாயார் ஏன் மறைத்தார் என்று முதலில் எங்களுக்குச் சற்றுக் கோபம் வந்தது. பிறகு, முதல் நாள் நாங்கள் பேசியதை நினைவுபடுத்திப் பார்த்தோம். "நாய், பூனை, புறா எதுவாக இருந்தாலும் உடனே வெளியேற்றிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு, அதன் பின்னரே "வீட்டில் ஏதாவது வளர்க்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறோம். தீர்ப்பைச் சொல்லிவிட்டு விசாரணையைத் தொடங்கினால் யார்தான் வாய் திறப்பார்? நோயாளியின் குடும்பம் உண்மையை மறைக்கும் வகையில் கேள்வி கேட்டவர்கள் நாங்கள். மருத்துவர்களிடையே இந்த வழக்கம் பரவலாக உள்ளது. வேகமாக நகரும் புறநோயாளிகள் வரிசையில் "பிராணியை அகற்றுங்கள்" என்பது மிக எளிதில் எழுதக்கூடிய மருந்துச்சீட்டு. அந்தப் பழக்கத்தை நாங்கள் விட வேண்டும் என்பதும், அதற்கு ஈடாக நீங்கள் எங்களிடம் எதையும் மறைக்காதிருக்க வேண்டும் என்பதுமே எங்கள் கருத்து.

லயன்ஹெட் முயல் பெல்ஜியம் நாட்டில் உருவான வகை என்று சொல்லப்படுகிறது. பிரிட்டனில் 2002ஆம் ஆண்டிலும் அமெரிக்காவில் 2014ஆம் ஆண்டிலும் அது தனி இனமாக ஏற்கப்பட்டது. வளர்ந்த முயலின் எடை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. நன்கு பேணினால் ஏழு முதல் ஒன்பது ஆண்டுகள் வாழும். குளிர்நாட்டில் பிறந்த அந்தப் பிடரி மயிர் நம் ஊர்க் கோடையில் அதற்குப் பெருஞ்சுமை. முயலால் நம்மைப்போல் வியர்க்க முடியாது. உடல் வெப்பத்தைப் பெரிதும் காதுகளின் வழியாகவே வெளியேற்றுகிறது. அறையின் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினாலே அது தவிக்கத் தொடங்கும். கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூரில் அரசு ஆராய்ச்சி மையம் முயல்களை வளர்க்கிறது என்றால், அங்குள்ள குளிரும் அதற்கு ஒரு காரணம். சென்னையின் சித்திரை வெயிலில் மொட்டைமாடிக் கூண்டில் வைக்கப்படும் லயன்ஹெட் சில மணி நேரத்தில் இறந்துபோகக்கூடும். ஆகவே அது வீட்டுக்குள் வருகிறது. வீட்டுக்குள் குளிர்ந்த அறை எதுவோ அங்கே போகிறது. பெரும்பாலும் அந்த அறையில்தான் நோயாளியும் படுத்திருக்கிறார். பஞ்சுவின் வீட்டில் நடந்தது அதுவே.

முயலின் மயிர்தான் ஒவ்வாமையை உண்டாக்குகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். ஒவ்வாமையைத் தூண்டுவது அதன் உமிழ்நீர், சிறுநீர், தோல் செதில் ஆகியவற்றில் உள்ள புரதங்கள். முயல் ஓயாமல் தன் உடலை நக்கிச் சுத்தம் செய்யும். உமிழ்நீர் மயிரில் காய்ந்து நுண்துகளாகிக் காற்றில் கலக்கும். குட்டை மயிருள்ள முயலும் இதற்கு விலக்கன்று. "ஒவ்வாமை தராத முயல்" என்று யாரேனும் விற்றால் நம்ப வேண்டாம். நீண்ட பிடரிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வாரம் இரண்டு மூன்று முறையாவது, மயிர் உதிரும் காலத்தில் நாள்தோறும் அதைச் சீவிவிட வேண்டும். இல்லாவிட்டால் சிக்குப் பிடிக்கும், விழுங்கிய மயிரும் வயிற்றில் சேரும். முயலுக்கு வாந்தியெடுக்க இயலாது. சீவும்போது பறக்கும் துகளை மூச்சில் வாங்குபவர் யார் என்பதே எங்கள் கேள்வி. பஞ்சுவைச் சீவிவிடுவது அந்தச் சிறுவனின் வேலையாக இருந்தது. அவன் அதைக் கதவடைத்த அறையில், கட்டிலில் அமர்ந்து செய்துவந்தான்.

ஆனால் இங்கேதான் அவசரத் தீர்ப்பு எங்களைத் தவறான வழியில் கொண்டுபோயிருக்கும். தோலில் ஊசிமுனையால் லேசாகக் குத்திச் செய்யும் ஒவ்வாமைப் பரிசோதனையில், சிறுவனுக்கு வீட்டுத்தூசிப் பூச்சிக்கு மிகுந்த எதிர்வினையும், முயலுக்குக் குறைவான எதிர்வினையுமே காணப்பட்டன. முயலுக்குப் படுக்கையாகப் பரப்பிய வைக்கோலை ஒரு படமாக எடுத்து அனுப்பச் சொன்னோம். ஈரம் பட்டு, அடியில் கறுத்திருந்தது. பூஞ்சை பிடித்த வைக்கோலின் தூசியும், சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா நெடியும் ஆஸ்துமா உள்ள மூச்சுக்குழலுக்குத் தீங்கு செய்ய முயல் தேவையில்லை. இதற்கும் மேலாக, சிறுவன் இன்ஹேலரை உறிஞ்சிய முறையே தவறு. மருந்தில் பாதி நாக்கில் படிந்துகொண்டிருந்தது. அதை முதல் முறையே நாங்கள் கவனித்திருக்க வேண்டும்.

பஞ்சு படுக்கையறையிலிருந்து கூடத்துக்கு மாற்றப்பட்டது. கூடத்தின் ஓரத்தில், நேர்வெயில் படாத கல்தரையில், உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்கிறார்கள். அது அதன்மேல் சாய்ந்து படுத்துக்கொள்கிறதாம். வைக்கோலுக்குப் பதில் பழைய பருத்தித் துணி விரித்து நாள்தோறும் மாற்றுகிறார்கள். சீவும் பொறுப்பைத் தந்தை ஏற்று, முகக்கவசம் அணிந்து வெளித்திண்ணையில் செய்கிறார். மெத்தைக்கும் தலையணைக்கும் தூசிப் பூச்சி புகாத உறை போடப்பட்டது. இவற்றோடு இன்ஹேலரும் சரியான முறையில் உள்ளே போகத் தொடங்கியது. அதன் பிறகு அவன் அவசரப் பிரிவுக்கு வரவில்லை. எல்லோருக்கும் இப்படியே முடியும் என்று நாங்கள் வாக்களிக்க இயலாது. கல்லூரி மாணவி ஒருவருக்கு, முயலைத் தொட்ட சில நிமிடங்களில் கண் வீங்கி மூச்சு இறுகியது. அவருடைய முயல் வேறு வீட்டுக்குத்தான் போக வேண்டியிருந்தது. அவர் எங்கள் முன் அழுதார். அடுத்த இரண்டு முறை எங்களிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை. அந்த அறிவுரையை மாற்றிச் சொல்ல எங்களுக்கு வழியிருக்கவில்லை.

வேறு பிரிவுகளில் சிகிச்சை பெறுவோருக்கும் சில சொற்கள். புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்பவர்கள், மாற்று உறுப்புப் பெற்றவர்கள், அதிக அளவில் ஸ்டீராய்டு உட்கொள்பவர்கள் முயலின் சிறுநீரையும் புழுக்கையையும் துப்புரவு செய்யும் வேலையைப் பிறரிடம் விட்டுவிட வேண்டும். நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்களைத் தாக்கக்கூடிய நுண்ணுயிரி ஒன்று முயலின் சிறுநீரில் வெளிப்படுவது உண்டு. வீட்டில் பலருக்கு ஒரே சமயத்தில் படர்தாமரையோ, முன்கையிலும் வயிற்றிலும் அரிப்புத் தடிப்போ தோன்றினால், தோல் மருத்துவரிடம் முயலைப் பற்றி நீங்களாகவே சொல்லுங்கள். நீரிழிவினால் பாதம் மரத்துப்போன முதியவர் உறங்கும் அறையில் முயலை இரவில் திறந்துவிடக் கூடாது. கால்விரலைக் கொறித்தாலும் அவருக்குத் தெரியாது. வீட்டில் ஆக்சிஜன் கருவி வைத்திருப்போர் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்: முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்வதால் அது எதையாவது கடித்துக்கொண்டே இருக்கும். மின்கம்பியும் ஆக்சிஜன் குழாயும் அதற்கு ஒன்றுதான்.

முயல் கடித்துவிட்டது, வெறிநாய்க்கடி ஊசி போட வேண்டுமா என்று கேட்டு இரவில் ஓடி வருபவர்கள் உண்டு. வீட்டுக்குள் வளரும் முயலின் கடிக்கு அந்த ஊசி அரிதாகவே தேவைப்படும். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு வாருங்கள். டெட்டனஸ் தடுப்பூசி தேவையா என்பதையும், மற்றவற்றையும் காயத்தைப் பார்த்து முடிவு செய்வோம்.

முயல் தும்மினால் நம் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்காதீர்கள். குழந்தைக்கு எழுதிக் கொடுத்த அமாக்சிசிலின் சிரப்பு மிச்சமிருக்கிறது, அதில் சில சொட்டுக் கொடுக்கலாமா என்று ஒருவர் எங்களிடம் கேட்டார். நமக்கு உயிர் காக்கும் அந்த மருந்து, முயலின் வாய்வழி போனால் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து அதைக் கொன்றுவிடும். முயல் அரைநாள் தீனி தொடாமல், புழுக்கை போடாமல் இருந்தாலே அவசரம் என்று கொள்ள வேண்டும். சென்னையில் இருப்போர் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லலாம். மனித மருத்துவர்களான எங்களிடம் முயலுக்கு மருந்துச்சீட்டுக் கேட்க வேண்டாம். எங்களுக்குத் தெரியாத உடல் அது.

இன்னும் முயல் வாங்காதவர்களிடம் நாங்கள் சற்றுக் கண்டிப்பாகவே பேசுவோம். நோயுற்ற பிள்ளைக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் வாரத்தில், பல்லாவரம் வெள்ளிச்சந்தையிலோ தெருமுனைக் கடையிலோ ஒரு முயல் குட்டியை வாங்கிவிடும் பெற்றோரைப் பார்க்கிறோம். அன்பினால் செய்வது அது. ஆனால் முயல் தூக்கிக் கொஞ்சப்படுவதை விரும்பாத பிராணி. பயந்து உதறினால் அதன் முதுகெலும்பே முறியலாம். அதன் உணவில் பெரும்பங்கு காய்ந்த புல்லாக இருக்க வேண்டும். கேரட் எப்போதாவது தரும் தின்பண்டம் மட்டுமே. மருந்து, பரிசோதனை, பள்ளி விடுப்பு என்று ஏற்கெனவே தடுமாறும் வீட்டில், இந்த வேலை முழுவதும் தாயாரின் தலையில்தான் விழும். சிகிச்சை முடியட்டும். பிள்ளைக்கு ஒவ்வாமை உண்டா என்று பார்த்துக்கொள்வோம். முயல் வளர்க்கும் உறவினர் வீட்டில் ஓரிரு பிற்பகல்களை அவன் கழிக்கட்டும். அதன் பின்னும் ஆசை இருந்தால் வாங்கலாம்.

ஏற்கெனவே முயல் உள்ளவர்கள் அடுத்த முறை எங்கள் பிரிவுக்கு வரும்போது, பழைய மருந்துச்சீட்டுகளோடு, அது உறங்கும் இடத்தைக் கைப்பேசியில் படமெடுத்துக் கொண்டுவாருங்கள். படுக்கையைப் புரட்டி, அடிப்பக்கம் தெரியும்படி ஒரு படமும் எடுங்கள்.