பண்ணைக்குட்டையில் கிரேஃபிஷ் விடலாமா?

''அலங்கார மீன் கடையில், நண்டுக் கொடுக்குடன் இறால்போல இருக்கும் 'கிரேஃபிஷ்' ஒன்று வாங்கினேன். பண்ணைக்குட்டையில் விடலாமா?''

- வாசகர், திருவாரூர் மாவட்டம்.

''கூடவே கூடாது. ஒன்றுதானே என்று நினைக்காதீர்கள். இதில் 'மார்பிள்' வகை அத்தனையும் பெண். ஆண் துணையில்லாமலே நூற்றுக்கணக்கில் முட்டையிட்டு, வயிற்றடியில் சுமந்து பொரிக்கும். 1995-ம் ஆண்டு ஜெர்மனியில் மீன்தொட்டிகளில் தென்பட்டது, இன்று மடகாஸ்கர் நெல் வயல்கள் வரை பரவிவிட்டது. சிவப்பு வகையோ வரப்பில் வளை தோண்டும், தண்ணீர் நிற்காது. 1970-களில் அதைக் கொண்டுவந்து விட்ட ஸ்பெயின் நாட்டில் நெல் விவசாயிகள் பட்டபாடு அது. ஈரமான இரவில் தரையில் நடந்தே அடுத்த வாய்க்காலுக்குப் போய்விடும் என்பதால், குட்டையைச் சுற்றி வலை கட்டுவதை நம்ப முடியாது. தொட்டியிலேயே மூடி போட்டு வைத்திருங்கள். தொட்டித் தண்ணீரையும் வாய்க்காலில் கொட்டாதீர்கள். குஞ்சுகள் அதோடு போய்விடும். குட்டையில் வளர்க்க நம் ஆறுகளிலேயே உள்ள நன்னீர் இறால் இருக்கிறது. மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள்.''